அஜெய்வாவின் பெட்டியில் கொனாதுவின் பால்

கேப் கோஸ்ட்டுக்குப் பரீட்சைத் தாள் திருத்தப் போக வேண்டும் என்று தெரிந்த அன்றிலிருந்தே பிராகோ பால் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். பாடம் நடத்தி முடித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கைப்பிள்ளை கொனாதுவை ஒரு பக்கம் குடிக்க விட்டுவிட்டு, மறுபக்கத்தைச் சின்னக் கைப்பம்பில் பிழிந்து பையில் அடைப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தால் வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். சில நாள் பையின் அடி நனையும் அளவுக்குத்தான் வரும். அதையும் தூக்கிப் போடாமல் தேதி எழுதி, தட்டையாகப் படுக்க வைத்து ஃப்ரீசர் பெட்டிக்குள் வைப்பாள்.

எங்களுடையது பந்தாமாப் பகுதியில் ஒரு கூட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். எனக்கு அவர்களுக்கு எதிர் அறை. பிராகோவின் புருஷன் ஒஃபோசு தையல்காரன். சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்பும் சிவப்பும்தான் அவனுக்கு முக்கால்வாசி வேலை. கால் மிதி மெஷினை வாசலில் போட்டுக்கொண்டு நாளெல்லாம் தைப்பான். அதனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு என்று புருஷன் பெண்டாட்டி இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. "பால்காரரே" என்றுதான் அவனைக் கூப்பிட ஆரம்பித்தோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பிராகோ செம்பனைப் பழச் சூப் ஒரு பானையும் தக்காளிக் குழம்பு ஒரு பானையும் வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கியதும் ஒஃபோசு துணியைப் பிடித்துக்கொண்டு பானையைத் தூக்கினான்.

"எங்க தூக்கிட்டுப் போறே?"

"பெட்டிக்குள்ள வைக்கத்தான். உனக்கு ஒரு வேலை குறையட்டுமேன்னு."

"இந்தச் சூட்டோட வெச்சா இது ஆறாது. பக்கத்துல இருக்கிறதெல்லாம்தான் இளகும். கீழ வை."

"சரி, மூடி வெச்சுடறேன். காலைல எடுத்து உள்ள வைக்கிறேன்."

"ராத்திரி முழுக்க வெதுவெதுன்னு பானையில கிடந்தா காலைல நுரை கட்டி நிக்கும். அப்புறம் நீ அதைக் குடிச்சுட்டுக் கொல்லைக்கும் அறைக்கும் நடப்பே, பிள்ளையை யாரு பார்க்கிறது?"

சூப்பையும் குழம்பையும் அகலமான தட்டுகளில் ஊற்றி, தட்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க வைத்து, அகப்பையால் கிளறிக் கிளறி ஆவியைப் போக்கினாள். தண்ணீர் சூடானதும் மாற்றினாள். பிறகு ஐஸ்க்ரீம் டப்பாக்களில் ஒரு வேளைக்கு ஒன்றாக ஊற்றி மூடினாள். "ஒரு டப்பாவை எடுத்தா தளதளன்னு கொதிக்க வை. மிஞ்சினதைத் திரும்ப உள்ள வைக்கக் கூடாது" என்றாள்.

"இவ்வளவு சொல்றதுக்கு உன் புருஷனையே உறைய வெச்சுட்டுப் போயிடு பிராகோ. வந்து எடுத்து சுட வெச்சுக்கலாம்" என்றேன் நான்.

"இவனை எடுத்தா ஒரே வேளைல தீர்த்துடணும் அக்கா. எனக்கு அவ்வளவு பசி இல்ல" என்றாள் அவள். ஒஃபோசு சிரித்துக்கொண்டே அகப்பையை வாங்கிக் கிளறினான்.

பெட்டிக்குள் ஒரு பக்கம் மீனும் இறைச்சியும், நீர் சொட்டாதபடி ஒரு பேசினில். மறுபக்கம் அடியில், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் பால் பைகள். இரண்டுக்கும் நடுவில் சூப் டப்பாக்கள். மீன் வேறு கடை மீன். அஜெய்வாவின் கடைக்குப் பிராகோ போவதை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அஜெய்வா பந்தாமா சந்தையில் உறைமீன் விற்கிறவள். எனக்குத் தூரத்து உறவு. பிராகோ அவளிடம் வாங்கிப் போன கானாங்கெளுத்தி வீட்டுக்கு வந்து இளகியபோது சதை கொழகொழவென்று இருந்தது. பிராகோ அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தை கூடியிருந்த நேரத்தில் பலகை மேல் போட்டு, "இது ஒரு தடவை உருகின மீன். திரும்ப உறைய வெச்சு வித்திருக்கீங்க" என்றாள். வகுப்பில் பேசிப் பழகிய குரல் அது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அஜெய்வா அதைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். வேறு மீன் எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பிராகோ போன பிறகு முதல் நாட்கள் நன்றாகவே போயின. ஒஃபோசு ஒவ்வொரு பையாக எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு இளக வைப்பான், பிறகு வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வெதுவெதுப்பாக்குவான். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பான். கொனாது முதல் நாள் புட்டியைத் தட்டிவிட்டது. அடுத்த நாள் அப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தது. ஒரு கால் மெஷினை மிதிக்க, மடியில் பிள்ளை தூங்கும். அளவு கொடுக்க வந்த பெண்கள், "எங்க வீட்டுக்காரருக்கும் இதை ஒரு வாரம் கத்துக் குடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் பிற்பகலில் பெரிய மழை. தெருமுனை மாமரத்தின் கிளை முறிந்து டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழுந்தது. வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம், பிறகு மழைச் சத்தம் மட்டும். கரண்ட் போவது எங்களுக்குப் புதிதில்லை, சாயங்காலம் வந்துவிடும் என்றிருந்தோம். சாயங்காலம் ஆட்கள் வந்து மேலே பார்த்துவிட்டு, புதிதாக ஒன்று வர வேண்டும் என்று சொல்லிப் போனார்கள்.

ஒஃபோசு தைக்க வைத்திருந்த கறுப்புத் துணிக் கட்டுகளை எடுத்து ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றிலும் அடுக்கினான். மெத்தையைத் தூக்கி மேலே போட்டான். ராத்திரிக்குப் பிள்ளைக்கு வேண்டியதை மட்டும் ஒரு கை நுழையும் அளவு திறந்து எடுத்து, கையில் தூக்கிப் போகிற சின்ன ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

"யாரும் மூடியைத் தொடாதீங்க. திறக்காம இருந்தா நாளைக்கு வரைக்கும் தாங்கும்" என்றான்.

"பெட்டிக்கு எழவு வீட்டுத் துணி போர்த்தியிருக்கியே, நல்லாவா இருக்கு?" என்றேன்.

"கரண்ட் வரலைன்னா எழவுதான் அக்கா" என்றான்.

காலையில் அவனுடைய அக்கா பொக்குவா வந்தாள். தாஃபோவில் இருக்கிறவள். தம்பி தனியாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடுவான் என்று உதவிக்கு வந்தாள். ஒஃபோசு கொனாதுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அவள் அறைக்குள் போனவள், மெத்தையை இழுத்துக் கீழே தள்ளி, மூடியை விரியத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒஃபோசு ஈரக் கையோடு ஓடி வந்தான். "அக்கா, மூடு. மூடுன்னு சொல்றேன்ல."

"எதுக்குடா கத்தறே? மீன் எடுத்து லைட் சூப் வைக்கலாம்னு பார்த்தேன். அடியில போயிடுச்சு போல, தேடறேன்."

"தேடறதுக்குள்ள குளிரெல்லாம் வெளிய போயிடுச்சு."

"போனா போகட்டும், கரண்ட் வந்தா திரும்ப வரும். குளிருக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் வீட்டில் ஃப்ரீசர் கிடையாது. சூப்பைக் காலையும் மாலையும் கொதிக்க வைத்தே கெடாமல் காப்பாற்றுகிறவள். ஆனால் திறந்தது திறந்ததுதான். ஒஃபோசு கையை விட்டுப் பார்த்தான். மேலே இருந்த இறைச்சி அமுங்கியது. மீன் வளைந்தது. எல்லாம் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. நாற்றம் எதுவும் இல்லை.

"இதை இப்பவே சமைச்சுடணும், அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது" என்றான். பொக்குவா உடனே சேலை மாதிரி சுற்றியிருந்த துணியை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பு மூட்டினாள். நான் மீனைக் கழுவி பொன்னிறம் வரப் பொரித்தேன். சூப் டப்பாக்களில் இளகியதெல்லாம் ஒரே பானையில் ஏறிக் கொதித்தது.

பால் பெட்டியைக் கடைசியாக ஒஃபோசு வெளியே எடுத்தான். அடியில் படுத்திருந்த பைகள் பலகை மாதிரி கெட்டியாக இருந்தன. மேலே இருந்தவை முழுக்கத் தண்ணீராகியிருந்தன. இரண்டு விரலால் ஒவ்வொன்றாக அழுத்தி, கெட்டியானதை ஒரு பக்கமும் இளகினதை ஒரு பக்கமும் வைத்தான். துணியில் குறை பார்க்கிறவனின் முகம்.

"சந்தையில ஜெனரேட்டர் ஓடுது. அங்கதான் கொண்டு போகணும்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "நீங்க கூட வர்றீங்களா மன்சா அக்கா? அஜெய்வா உங்க உறவுதானே."

"வேற யாரும் இல்லையா?"

"மத்தவங்க பெட்டியெல்லாம் மூச்சு விட இடமில்லாம மீன். அவங்ககிட்டதான் ஐஸ்கட்டி போடறதுக்குன்னு ஒரு சின்னப் பெட்டி தனியா இருக்கு."

கொனாதுவைப் பொக்குவாவிடம் விட்டுவிட்டு, பைகளைத் துண்டில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ட்ரோட்ரோ வேனில் ஏறினோம். பெட்டியை ஒஃபோசு மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அணைத்திருந்தான். பக்கத்தில் இருந்த தடித்த பெண், "என்னப்பா, பியரா? இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கே" என்றாள்.

"பால்" என்றான்.

"என்ன பால்?"

"என் பெண்டாட்டி பால்."

வண்டிக்குள் சீட்டுச் சீட்டாகச் சிரிப்பு பரவியது. பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஓட்டுநரே, மெதுவா ஓட்டுங்க, வெண்ணெய் ஆயிடப் போகுது" என்றார். ஒஃபோசு தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அந்தத் தடித்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. தன் பையிலிருந்த செய்தித்தாளை எடுத்து, "மூடி இடுக்குல இதைச் சுத்து. காத்து போகாது" என்று கொடுத்தாள்.

அஜெய்வா பலகையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், கத்தியை நிறுத்தவில்லை.

"மன்சா, நல்லா இருக்கியா? இவன் எதுக்கு வந்திருக்கான்? திருப்பித் தர மீன் ஏதாவது கொண்டு வந்திருக்கானா?"

"எங்க தெருவுல கரண்ட் இல்ல அக்கா" என்றான் ஒஃபோசு. "பிராகோ ஊர்ல இல்ல. பிள்ளைக்கு அவ எடுத்து வெச்சுட்டுப் போன பால். உங்க ஐஸ் பெட்டியில கொஞ்சம் இடம் வேணும்."

கத்தி நின்றது. "உன் பெண்டாட்டி இந்தப் பலகை முன்னாடி நின்னு என் மானத்தை வாங்கினவ. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தே?"

"வேற எங்க போவேன் அக்கா."

அஜெய்வா கையைக் கழுவினாள். சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினாள். "பிள்ளை பேரு என்ன?" என்று கேட்டாள். சொன்னான். எங்களைக் கடைக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சின்னப் பெட்டியைத் திறந்தாள். ஐஸ்கட்டிகளை ஒதுக்கி, ஒரு மூலையைத் துணியால் துடைத்துச் சுத்தமாக்கினாள். ஒஃபோசு கெட்டிப் பைகளைப் புதுப் பையில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வைத்துக் கொடுத்தான்.

"மிச்சத்தையும் குடு. அந்தப் பக்கம் என்ன வெச்சிருக்கே?"

"அது உருகிடுச்சு அக்கா."

"அதனால என்ன? நாளைக்குக் காலைல கல்லா ஆயிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

ஒஃபோசு தன் ஐஸ் பெட்டியின் மூடியைப் பார்த்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்றால் அன்றைக்குப் பிராகோ சொன்னதையே அவனும் சொன்னதாகிவிடும், அதுவும் கை நீட்டி உதவி வாங்கிக்கொண்டிருக்கும்போது. பின்னால் ஜெனரேட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் அக்கா" என்றான் கடைசியில். "முழுக்க உருகினதைத் திரும்ப வைக்கக் கூடாது. இதை இன்னிக்கே குடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அஜெய்வா பெட்டி மூடியில் கையை வைத்தபடி நின்றாள். திட்டி அனுப்பப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அன்னிக்கு என் ஜெனரேட்டர் நின்னு போச்சு" என்றாள். "ரெண்டு பெட்டி மீன். கண்ணு முன்னாடி தண்ணியா ஓடுது. திரும்ப உறைய வெச்சேன். வித்தேன். உன் பெண்டாட்டி சொன்னது சரி. ஆனா அவ என்னை ஓரமாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு பேர் முன்னாடி சொன்னா. அதுதான் எனக்கு ஆறல."

ஒஃபோசு ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ ஒண்ணும் சொல்லாதே" என்றாள். "உருகினதுக்குப் போட ஐஸ் எடுத்துட்டுப் போ. இன்னும் ரெண்டு கட்டி எடு. வெயில்ல போறே."

வீட்டுக்கு வந்தபோது பொக்குவா கொனாதுவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க இளகின பாலையே கொடுத்தான், ஐஸில் வைத்து வைத்து. பிள்ளை முடிந்தவரை குடித்தது. ஆனால் எவ்வளவுதான் குடிக்கும்? மறுநாள் காலையில் ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. மிஞ்சின பைகளை எடுத்துக்கொண்டு ஒஃபோசு குளியலறைப் பக்கம் போனான்.

பொக்குவா குறுக்கே நின்றாள். "டேய், முகர்ந்து பாரு. கெடல. நான் கொதிக்க வெச்சுத் தர்றேன்."

"வேண்டாம் அக்கா."

"அது அவ ரத்தம்டா. கொட்டறதுக்கு உனக்கு எப்படிடா மனசு வருது?"

"மனசு வரல. ஆனா இதைக் குடிச்சுப் பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னா?"

அவள் விலகிக்கொண்டாள். அவன் ஒவ்வொரு பையாகக் கிழித்து ஊற்றினான். மேலே தண்ணீர் விட்டான். பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். நான் என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொக்குவா சந்தைக்குப் பக்கத்து மருந்துக் கடையிலிருந்து பால்மாவு டப்பா ஒன்றை வாங்கி வந்து அவன் மெஷின் மேல் வைத்தாள். "சந்தையில இருக்கிற கல்லுப் பால் தீர்ந்தா ஆகும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று பிராகோ போன் செய்தபோது அவன் எதையும் மறைக்கவில்லை. முற்றத்தில் நின்றுதான் பேசினான். போனிலிருந்து அவள் பேசுகிற சத்தமும் நன்றாக வெளியே கேட்டது.

"எவ்வளவு போச்சு?" என்றாள்.

"பாதிக்குக் கொஞ்சம் குறைச்சல். நான் கொட்டிட்டேன். கோவமா இருக்கா?"

அழுகிறாளோ என்று அவன் போனைக் காதோடு அழுத்தினான். பிறகு அவள் குரல் வந்தது.

"நானும் இங்க தினமும் கொட்டிட்டுத்தான் இருக்கேன். மார்பு கட்டிக்குது. எடுத்துத்தான் ஆகணும். விடுதியில ஒரு ஃப்ரீசர் பெட்டி இருக்கு, அதைச் சமையல்காரர் பூட்டி வெச்சிருக்காரு. கேட்டேன். அதெல்லாம் இதுல வைக்க முடியாதுன்னுட்டாரு. தொட்டியில கொட்டிட்டுத் தாள் திருத்தப் போறேன். உன்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

ஒஃபோசு அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்தான். "சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

"சொல்லி என்ன ஆகப் போகுது. மிச்சத்தை எங்க வெச்சே?"

"அஜெய்வா அக்காகிட்ட."

"எந்த அஜெய்வா?"

"நமக்குத் தெரிஞ்ச ஒரே அஜெய்வாதான்."

"அவங்க வெச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். "நீ என்ன சொல்லிக் கேட்டே?" என்றாள். நடந்ததை அவன் முழுக்கச் சொன்னான், மீன் விஷயம் உட்பட. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "கொனாதுவைப் போன் பக்கத்துல வை" என்றாள். அதற்கப்புறம் பேசியதெல்லாம் பிள்ளையோடுதான்.

டிரான்ஸ்ஃபார்மர் வந்து மாட்டி, கரண்ட் வந்து, பெட்டி மறுபடி குளிர ஆரம்பித்த பிறகும் ஒஃபோசு பாலை அஜெய்வாவிடமே விட்டு வைத்தான். உடனே நம்ப முடியாது, மறுபடி போனாலும் போகும் என்றான். தினமும் காலையில் ஐஸ் பெட்டியோடு போய் அன்றைக்கு வேண்டியதை வாங்கி வருவான். சந்தைப் பெண்களெல்லாம் அவனுக்கு வழிவிட்டு, "பால்காரர் வர்றாரு" என்பார்கள். அஜெய்வா எப்போதும் அவன் வருவதற்கு முன்பே கையைக் கழுவியிருப்பாள்.

பிராகோ திரும்பிய அன்று கொனாது அவளைப் பார்த்ததும் அப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பிராகோவுக்குக் கண் கலங்கிவிட்டது. பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள். ஒஃபோசு பிள்ளையோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி பஸ்ஸில் கூட்டமா என்று விசாரித்தான். பேசிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் கொனாது திரும்பி அவள் சங்கிலியைப் பிடித்து இழுத்தது, பிறகு அவள் மேல் சாய்ந்து மோந்து பார்த்தது, பிறகு வாய் தேடியது. நாங்கள் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

மறுநாள் மிச்சப் பைகளை எடுத்து வர ஒஃபோசு கிளம்பினான். "நான் போறேன்" என்றாள் பிராகோ. கொனாதுவை முதுகில் கட்டிக்கொண்டாள். என்னையும் கூப்பிட்டாள்.

சந்தை கூடியிருந்த நேரம். அஜெய்வா தலையைத் தூக்கிப் பார்த்தாள். பலகைக்கு முன்னால் நின்றிருந்த பெண்கள் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிராகோ குரலை இறக்காமல்தான் பேசினாள். எல்லாருக்கும் கேட்டது.

"என் பிள்ளை சாப்பாட்டை நீங்க பத்திரமா வெச்சிருந்தீங்க அக்கா. அதுக்கு நன்றி சொல்ல வந்தேன். அன்னிக்கு உங்களை ஓரமாக் கூப்பிட்டுப் பேசியிருக்கணும்."

அஜெய்வாவின் முகத்தில் இருந்தது வெட்கமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பலகையைச் சுற்றி வந்து, பிராகோவின் முதுகுப் பக்கம் போய், துணியை விலக்கிக் கொனாதுவின் முகத்தைப் பார்த்தாள். மீன் கை என்று தொடவில்லை.

"உன் புருஷன் தினமும் அவ்வளவு எடுத்துட்டுப் போனானே, இவ கன்னம் எங்க போச்சு?" என்றாள். "ஒழுங்கா ஊட்டு."

"இனிமே நேரா குடுக்கிறேன்" என்றாள் பிராகோ.

"திங்கட்கிழமையிலிருந்து நீ பள்ளிக்கூடம் போவேல்ல? அப்போ என்ன பண்ணுவே?"

"திரும்ப எடுத்து வைக்கணும்."

"அந்த மூலை காலியாத்தான் இருக்கு. கரண்ட் போச்சுன்னா கொண்டு வா" என்றாள் அஜெய்வா. பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, காத்திருந்த பெண்ணிடம் எவ்வளவு பெரிய துண்டு வேண்டும் என்று கேட்டாள்.